நடுவில் தொடங்கிய பாதை

வரைபடத்தை விரித்து வைத்து, ஓர் ஊரிலிருந்து 240 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னோர் ஊருக்குப் பென்சிலால் கோடு இழுக்க இரண்டு நிமிடம் போதும். அந்தக் கோடு நிலத்தில் எங்கெல்லாம் விழுகிறது என்று பார்க்கப் போனால்தான் வேலையின் கனம் தெரியும். ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலம், மூடிக்கிடக்கும் இரும்பாலை, இன்னும் சரக்கு வண்டி ஓடிக்கொண்டிருக்கும் தண்டவாளம், பழைய இரும்புக் கிடங்கு, யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர்களில் ஒருவர் மாட்டேன் என்றால் கோடு அங்கே அறுந்துவிடும்.

நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்றே, பல மாவட்டங்களையும் சிற்றூர்களையும் ஊடுருவிப் போகும் நெடும்பாதைகள் உலகின் பல நாடுகளில் இருக்கின்றன. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரத்தையும் மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து ஊரையும் இணைக்கும் ‘கிரேட் அலிகெனி பேஸேஜ்’ அவற்றில் ஒன்று. நீளம் சுமார் 240 கிலோமீட்டர். கார், பைக் எதுவும் வரக்கூடாது. இப்படி ஒரு பாதையை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன். காரணம், இதில் எதுவுமே பாடப்புத்தக வரிசையில் நடக்கவில்லை. முதல் துண்டு திறந்தது 1986-இல்; கடைசித் துண்டு 2013-இல். அந்த முதல் துண்டு இரண்டு முனைகளில் எதிலும் இல்லை, நடுக்காட்டில் இருந்தது.

முதலில் நிலம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

அலிகெனி மலைத்தொடரின் குறுக்கே நிலக்கரியையும் சரக்கையும் கொண்டுபோக, வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே என்ற கம்பெனி 1912-இல் கம்பர்லாந்திலிருந்து கானல்ஸ்வில் வரை புதிய பாதை போட்டது. மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகள் மேல் இரும்புப் பாலம் கட்டிப் போட்ட பாதை. ஆனால் அதே ஆற்றங்கரைகளில் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வேயின் தண்டவாளம் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் இரண்டு கம்பெனிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தபோது, ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு பாதை எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 1975-இல் வெஸ்டர்ன் மேரிலாந்து பாதையை மூடினார்கள்.

தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பிறகும் அடித்தளம் அப்படியே இருந்தது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் ரயில் பாதை போட்டவர்கள் மலையைச் சுற்றி வளைத்து, மெல்லமெல்ல ஏறும்படி மண்ணைச் சமன் செய்திருந்தார்கள். கம்பர்லாந்திலிருந்து மேற்கே போனால் சுமார் 38 கிலோமீட்டரில் பாதையின் உச்சி வருகிறது, கடல் மட்டத்திலிருந்து 729 மீட்டர். ஒரு பக்கம் விழும் மழைநீர் அட்லாண்டிக் பக்கமும், மறுபக்கம் விழுவது மிசிசிப்பி வழியே மெக்ஸிகோ வளைகுடாவுக்கும் போகும் நீர்ப்பிரிப்பு மேடு அது. அவ்வளவு உயரம் ஏறியும் சரிவு எங்கேயும் நூற்றுக்கு இரண்டைத் தாண்டுவதில்லை. உச்சியிலிருந்து பிட்ஸ்பர்க் பக்கம் இறங்கும்போது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக்காரரும் சைக்கிளில் போகலாம். யாருக்காகப் பாதை போடுகிறோம் என்ற முடிவு இந்தச் சரிவில்தான் அடங்கியிருக்கிறது. சிகரங்களைத் தொட்டுத் தொட்டுப் போகும் பாதைக்கு அழகு அதிகம். அதில் போகிறவர்கள் தொகை குறைவு, வழியிலுள்ள ஊர்களில் அவர்கள் செலவழிக்கும் பணமும் குறைவு.

ரயில் ஓடிய இடமெல்லாம் ரயில்வேக்குச் சொந்தம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அப்படி இல்லை. பல இடங்களில் கம்பெனிக்கு இருந்தது வழியுரிமை மட்டுமே: ரயில் ஓடும்வரை இந்த நிலத்தைப் பயன்படுத்திக்கொள், ஓட்டம் நின்றால் நிலம் பக்கத்துச் சொந்தக்காரருக்கே திரும்பிவிடும் என்ற ஏற்பாடு. ரயில் நின்ற மறுநாளே ஒரு நெடுங்கோடு நூறு துண்டாகச் சிதறக்கூடும். சிதறியதை மறுபடி ஒட்ட வைப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

இதைத் தடுக்க 1983-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசியப் பாதைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கைவிடப்பட இருக்கும் ரயில் பாதையை, என்றாவது மறுபடி ரயில் விடத் தேவைப்படலாம் என்று சொல்லிப் பத்திரப்படுத்தி வைக்கலாம். அதுவரை அதை நடைபாதையாகப் பயன்படுத்தலாம். அந்தக் காலத்தில் ரயில் பாதை ‘கைவிடப்பட்டதாக’ சட்டம் கருதாது. ‘ரயில்பேங்கிங்’ என்று இதற்குப் பெயர். பக்கத்து நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு குடும்பம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990-இல் வந்த தீர்ப்பு, சட்டம் செல்லும் என்றது. நிலம் இழந்ததாக நினைப்பவர் அரசிடம் இழப்பீடு கேட்டுப் போகலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. 2014-இல் வயோமிங் மாநிலத்து வழக்கொன்றில், வேறொரு பழைய சட்டத்தின்படி கொடுக்கப்பட்ட வழியுரிமை குறித்து, தீர்ப்பு நிலக்காரர் பக்கம் சாய்ந்தது. அதனால்தான் அங்கே பாதை போட நினைப்பவர்கள் பொறியாளரைத் தேடுவதற்கு முன்னால் பழைய பத்திரங்களைப் படிக்கத் தெரிந்த வக்கீலைத் தேடுகிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய ஒரு பத்திரத்தில் ‘விற்றேன்’ என்று எழுதியிருக்கிறதா, ‘வழி விட்டேன்’ என்று எழுதியிருக்கிறதா என்பதில் பாதையின் தலையெழுத்து தொங்குகிறது.

அலிகெனி பாதையின் மலைப்பகுதியில் ரயில் நின்றது 1975-இல், திருத்தம் வந்தது 1983-இல். ஆகவே அங்கே முந்திக்கொண்டு நிலத்தை வாங்கிப்போட யாராவது வேண்டியிருந்தது. ஒஹையோபைல் என்ற ஊரைச் சுற்றி அந்த வேலையைச் செய்தது வெஸ்டர்ன் பென்சில்வேனியா கன்சர்வன்சி என்னும் நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை. அரசு ஒரு நிலத்தை வாங்க வேண்டுமென்றால் நிதி ஒதுக்கீடு, மதிப்பீடு, ஒப்புதல் என்று ஆண்டுகள் ஓடும். ரயில்வே கம்பெனி அதுவரை காத்திருக்காது. அறக்கட்டளை முன்பணம் போட்டு வாங்கி வைத்திருந்து, பிறகு அரசிடம் ஒப்படைக்கும். ஒஹையோபைல் மாநிலப் பூங்காவே அந்த அறக்கட்டளை வாங்கிச் சேர்த்த நிலத்தில் உருவானதுதான். ஆகவே இரு தரப்புக்கும் இது பழகிய நடைமுறை.

அந்தப் பூங்காவுக்குள்தான் 1986-இல் சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்கு முதல் துண்டு திறந்தது. ஏன் அங்கே? நிலம் அரசுடையது, தகராறு இல்லை. அருவி பார்க்கவும், யாக்ககேனி ஆற்றில் ரப்பர் படகு விடவும் ஏற்கெனவே கூட்டம் வந்துகொண்டிருந்த ஊர். கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த ‘ஃபாலிங்வாட்டர்’ வீடும் அருகில்தான். புதிதாக யாரையும் வரவழைக்க வேண்டியதில்லை. வந்தவர்களை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். ஒழுங்காகத் திட்டமிடும் மனம் இதைக் கேட்டால் முகம் சுளிக்கும். எங்கேயும் போய்ச் சேராத 14 கிலோமீட்டரால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். அதன் பயன் வேறு: பாதை என்றால் என்ன என்று மற்ற ஊர்க்காரர்கள் கண்ணால் பார்க்க ஓர் இடம் கிடைத்தது. சனிக்கிழமை வந்து நடந்து பார்த்த பக்கத்து மாவட்டத்துக்காரர், நம் ஊருக்கு எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கினார். எத்தனை வண்ணப்படத்தோடு திட்ட அறிக்கை அச்சடித்தாலும் அந்தக் கேள்வியை வரவழைக்க முடியாது.

அடுத்த துண்டு வேறொரு ரயில் கம்பெனியிடமிருந்து வந்தது. பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே மக்கீஸ்போர்ட் முதல் கானல்ஸ்வில் வரை ஆற்றோரமாக ஓடிய பாதை 1990களின் தொடக்கத்தில் நின்றுபோனது. அது போகும் மாவட்டங்கள் சேர்ந்து, நிலத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அமைப்பைத் தொடங்கின. மலைப்பக்கத்தில் இன்னொரு குழு, மேரிலாந்தில் வேறொரு குழு. ஒவ்வொரு குழுவும் தன் துண்டுக்குத் தன் பெயரை வைத்திருந்தது, தன் ஊர் ஆட்களை வைத்துப் புல் வெட்டியது, தன் எம்.எல்.ஏ.வைத் தானே போய்ப் பார்த்தது. 1995-இல்தான் ஏழு குழுக்களும் சேர்ந்து ‘அலிகெனி டிரெய்ல் அலையன்ஸ்’ என்ற கூட்டமைப்பாயின. லிண்டா மக்கென்னா பாக்ஸ் என்பவர் அதை நீண்ட காலம் முன்னின்று நடத்தினார். முழுப் பாதைக்குமான பொதுப்பெயர் 2001-இல்தான் வந்தது. முதல் துண்டு திறந்து 15 ஆண்டு கழித்துப் பெயர் சூட்டு விழா! சிரிப்பாக இருந்தாலும் அதுவே சரி என்று படுகிறது. பெயரையும் சின்னத்தையும் முதல் நாளே தலைநகரில் முடிவு செய்துவிட்டு ஊர்களுக்குப் போனால், ஊர்க்காரர் அதை வெளியாள் திட்டமாகத்தான் பார்ப்பார்.

கூட்டமைப்பின் வேலை ஊர்க்குழுக்களுக்கு உத்தரவு போடுவதல்ல. ஒரு சிறு குழுவால் தனியாகச் செய்ய முடியாததைச் செய்வதுதான் அதன் வேலை: பெரிய பாலத்துக்கு நிதி திரட்டுவது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வழிகாட்டிப் பலகை வைப்பது, வரைபடம் அச்சிடுவது, இரண்டு மாநில அரசுகளோடும் பேசுவது. பணம் பல கைகளிலிருந்து வந்தது. அதில் ஒரு திருப்பத்தைச் சொல்ல வேண்டும். 1991-இல் அமெரிக்காவின் போக்குவரத்து நிதிச் சட்டம் மாற்றி எழுதப்பட்டபோது, நெடுஞ்சாலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் செலவிடலாம் என்று வழி திறந்தது. அதுவரை பூங்காத் துறையின் சில்லறையை நம்பியிருந்தவர்களுக்கு, நாடெங்கும் சாலைத்துறையின் கஜானா கொஞ்சம் திறந்தது. அதோடு மாநில அரசுப் பணமும் தனியார் அறக்கட்டளை நன்கொடையும் சேர்ந்தன.

பணம் எங்கே போனது என்றால், பெரும்பகுதி பழைய கட்டுமானங்களுக்கு. மண்பாதை மலிவு. சமன்செய்த தளத்தின் மேல் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி உருளையால் அழுத்திவிட்டால் போதும். மழைநீர் வடிந்துவிடும், தாரைவிட முழங்காலுக்கு இதம், சைக்கிள் சக்கரமும் புதையாது. சில ஆண்டுக்கு ஒருமுறை மேலே பொடி போட வேண்டும், அவ்வளவுதான். பாலமும் சுரங்கமும் வேறு கதை. மையர்ஸ்டேல் ஊருக்கு அருகே காசல்மன் ஆற்றையும் ஒரு நெடுஞ்சாலையையும் ஒரு ரயில் பாதையையும் ஒருசேரத் தாண்டும் சாலிஸ்பரி பாலம் 580 மீட்டருக்கு மேல் நீளம். இரும்புச் சட்டம் திடமாக இருந்தது. மேலே புதிய தளம் போட்டு, குழந்தைகள் விழாதபடி கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பிக் சாவேஜ் சுரங்கம். நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். மலையிலிருந்து ஊறும் நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து சுவரைப் பிளந்துகொண்டே இருந்தது. அதைச் செப்பனிட ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவானது. அந்தச் சுரங்கம் இல்லையென்றால் பாதை இல்லை. மேலே ஏறிச் சுற்றிப் போக மலை இடம் கொடுக்காது. 2006-ஆம் ஆண்டு இறுதியில்தான் சுரங்கத்தைத் தாண்டிக் கம்பர்லாந்து வரை பாதை இணைந்தது. இன்றும் குளிர்காலம் முழுக்க இரு வாயிலையும் கதவு போட்டு அடைத்துவிடுகிறார்கள், பனி உள்ளே புகுந்து மறுபடி சுவரைக் கெடுக்காமல் இருக்க. ஆக டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை இந்தப் பாதை முழுப்பாதை அல்ல. இதை வரைபடத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். சாதாரணத் தகவல்தான், ஆனால் அது தெரியாமல் ஜனவரியில் சைக்கிளோடு மலை மேல் வந்து நிற்பவரின் கோபத்தை வாங்கிக்கொள்ளப்போவது பக்கத்து ஊர்க் கடைக்காரர்.

கம்பர்லாந்து பக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே பழைய தண்டவாளத்தில் சுற்றுலா ரயில் இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்தச் சொல்லாமல், தண்டவாளத்தை ஒட்டியே பாதையைப் போட்டார்கள். ஏற்றம் பிடிக்காதவர்கள் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு ஃப்ராஸ்ட்பர்க் வரை போய், அங்கிருந்து இறக்கத்தில் மிதித்து வருகிறார்கள். போட்டியாளராக வரவேண்டியவர் வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

இனி, பக்கத்து வீட்டுக்காரர். இவரைப் பற்றித் திட்ட அறிக்கைகளில் ஒரு பத்திதான் இருக்கும். வேலையில் பாதி நேரம் இவரோடுதான் போகும். அவருடைய பயங்கள் எந்த நாட்டிலும் ஒன்றுதான். திருடன் வருவான், குப்பை போடுவார்கள், என் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவார்கள், நாய் குரைத்தே செத்துவிடும், யாராவது என் நிலத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு என் மேலேயே வழக்குப் போடுவார்கள். கடைசிப் பயம் அமெரிக்காவில் நியாயமானது. பென்சில்வேனியாவில் 1966-இலேயே அதற்கு ஒரு சட்டம் இருந்தது: கட்டணம் வாங்காமல், பொழுதுபோக்குக்காக மற்றவர்களைத் தன் நிலத்தில் விடும் சொந்தக்காரர், வேண்டுமென்றே தீங்கு செய்யாதவரை பெரும்பாலும் பொறுப்பாளி ஆகமாட்டார். கட்டணம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். இப்படிப்பட்ட பாதைகளில் நுழைவுச்சீட்டு வைக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றப் பயங்களுக்குச் சட்டம் உதவாது. மரவேலி வைத்துத் தருகிறோம், புதர்ச்செடி நட்டு மறைக்கிறோம், உங்கள் டிராக்டர் குறுக்கே போக வாயில் விடுகிறோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகப் பேச வேண்டும். முதலில் பொதுக்கூட்டம் போடுவது பெரும்பாலும் தவறு. தன் கொல்லைப்புறத்தைப் பற்றி நூறு பேர் நடுவில் முதல்முறையாகக் கேள்விப்படும் மனிதர் எழுந்து நின்று எதிர்த்துத்தான் பேசுவார். ஒருமுறை பேசியதை அப்புறம் மாற்றிக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வீட்டுக்குப் போய் அவரோடு உட்கார்ந்து பேசியபின் கூட்டம் போட்டால், அதே மனிதர் கேள்வி கேட்பார். கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

பாதை ஊருக்குப் பக்கத்தில் போவதாலேயே ஊருக்கு வருமானம் வந்துவிடாது. ரயில் பாதை பெரும்பாலும் ஆற்றங்கரையில் போகும். கடைத்தெரு மேட்டிலோ பாலத்துக்கு அந்தப் பக்கமோ இருக்கும். சைக்கிளில் வருபவருக்குத் தெரிவதெல்லாம் மரமும் தண்ணீரும்தான். இருநூறு மீட்டர் தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை இருப்பது தெரியாமல் கடந்துபோய்விடுவார். இதைக் கவனித்த ‘தி பிராக்ரஸ் ஃபண்ட்’ என்ற கடனுதவி நிறுவனம் 2007-இல் ‘டிரெய்ல் டவுன்’ திட்டத்தைத் தொடங்கியது. வெஸ்ட் நியூட்டன், கானல்ஸ்வில், ஒஹையோபைல், கான்ஃப்ளூயன்ஸ், ராக்வுட், மையர்ஸ்டேல், ஃப்ராஸ்ட்பர்க் போன்ற ஊர்களில் அவர்கள் செய்தது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. பாதையில் இறங்கும் ஒருவர் கடைத்தெருவை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று நடந்து பார்த்தார்கள். எங்கே பலகை இல்லை, எங்கே சாலையைக் கடப்பது ஆபத்து, எங்கே சைக்கிளைப் பூட்டி வைக்க இடமில்லை, எந்தக் கடை ஞாயிறு மாலை மூடிக்கிடக்கிறது என்று குறித்தார்கள். தங்கும் விடுதி, சைக்கிள் பழுது பார்க்கும் கடை, காபிக் கடை தொடங்க விரும்பியவர்களுக்கு வங்கி கொடுக்கத் தயங்கிய கடனைக் கொடுத்தார்கள்.

இங்கே தூரத்தின் கணக்கு முக்கியம். சாதாரணமாகச் சைக்கிள் ஓட்டுபவர் சாமான் பையோடு ஒருநாளில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் போவார். அந்த இடைவெளியில் இருக்கும் ஊருக்கு இரவு தங்குபவர் கிடைப்பார். நடுவில் இருக்கும் ஊருக்கு மதியச் சாப்பாடும் ஒரு பாட்டில் தண்ணீரும்தான். இரண்டு ஊருக்கும் ஒரே அளவு லாபம் என்று வாக்குக் கொடுக்கும் திட்டக்காரரை நம்பக் கூடாது. என்னைக் கேட்டால், ஊர்க்காரர்கள் முதலில் கட்ட வேண்டியது வரவேற்பு வளைவு அல்ல, கழிப்பறை. கழிப்பறையும் குடிநீரும் உள்ள இடத்தில்தான் வண்டி நிற்கும். நின்ற வண்டியிலிருந்துதான் ஆள் இறங்கிக் கடைக்குள் வருவார்.

2019-ஆம் ஆண்டு இந்தப் பாதையால் வட்டாரத்துக்குக் கிடைத்த பொருளாதாரப் பயன் 12 கோடி டாலரைத் தாண்டும் என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இத்தகைய கணக்குகளில் சைக்கிள்காரர் வாங்கிய சாண்ட்விச்சும் வரும், அந்தச் சாண்ட்விச் கடைக்கு ரொட்டி கொடுத்தவரின் வருமானமும் வரும்; கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். கானல்ஸ்வில் ஒரு காலத்தில் பிட்ஸ்பர்க் இரும்பாலைகளுக்கு நிலக்கரியைச் சுட்டுக் கோக் அனுப்பிய ஊர். அந்த உலைகள் கொடுத்த வேலைக்கு ஈடாக ஒரு காபிக் கடை வேலை கொடுக்க முடியாது. ஆனால் ஆலை மூடிய பின்னும் ஊரில் தங்கிவிட்டவர்களுக்கு, பூட்டிக் கிடந்த கடைகளில் சில திறப்பது சின்ன விஷயமும் அல்ல.

பிட்ஸ்பர்க்கை நெருங்கிய கடைசிக் கிலோமீட்டர்கள்தான் அதிகம் இழுத்தடித்தன. மலையில் நிலம் கிடைத்தது; நகரத்தில் கிடைக்கவில்லை. மனோங்கஹீலா ஆற்றங்கரையில் பழைய இரும்பாலை நிலங்கள், ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பாதைகள், பழைய இரும்பு வாங்கும் கிடங்கு, ‘சாண்ட்கேஸில்’ என்ற நீர் விளையாட்டுப் பூங்கா எல்லாம் நெருக்கிக்கொண்டு இருந்தன. நிலத்தில் அரையடி விட்டுக்கொடுத்தாலும் அவர்களின் தொழில் பாதிக்கும். ஒவ்வொன்றாகப் பேசி, ரயில் பாதைக்கு மேலே பாலம் போட்டு, கடைசியாகப் பூங்காவை ஒட்டிய துண்டு 2013 ஜூனில் திறந்தது. அதன்பின் பிட்ஸ்பர்க்கின் மூன்று ஆறுகள் கூடும் முனையிலிருந்து கம்பர்லாந்து வரை இடைவெளி இல்லாமல் போக முடிந்தது. கம்பர்லாந்தில் இன்னொரு பாதை தயாராகக் காத்திருந்தது: வாஷிங்டன் வரை போகும் செசபீக் – ஒஹாயோ கால்வாயின் கரை. அந்தக் கால்வாய்க் கரையைக் கார்ச்சாலையாக்கத் திட்டம் வந்தபோது, 1954-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டிக்கொண்டு அதன் நீளம் முழுக்க நடந்து எதிர்ப்புக் காட்டினார். 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இரண்டும் சேர்ந்து இன்று சுமார் 540 கிலோமீட்டர். புதிதாகத் திட்டமிடுபவர்கள் முனையைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கிருந்து வேறு எது தொடர்கிறது என்று பார்ப்பது இதனால்தான்.

இத்தனையும் ஒரே ஒரு நிலையை அடிப்படையாகக் கொண்டவை. நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது பத்திரத்தில் இருக்கிறது; பாதையோரத்துக் கடைக்காரருக்குத் தன் கடை சொந்தம், அல்லது முறையான வாடகை ஒப்பந்தமாவது இருக்கிறது. அந்த நிலை இல்லாத இடத்தில் என்ன ஆகும்?

தமிழ் வாசகருக்கு மிக அருகில் அப்படி ஒரு பாதை இருக்கிறது. இலங்கையின் மலையகத்தில், கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்கள், ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ டிரெய்ல்’. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். இலங்கையில் வாழும் ஸ்பானியரான மிகேல் குனாட் முன்னெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் நிதி கொடுத்தன. இங்கே நிலம் வாங்கவே இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் தேயிலையை வண்டியில் கொண்டுபோகப் போட்ட தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று கோத்து, குறியிட்டு, ஒரு நாளில் நடக்கக்கூடிய துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட லூல்கந்துரவும் வழியில் வருகிறது. மலைநாட்டு ரயிலும் பஸ்ஸும் பல கட்டங்களின் முனைக்கு அருகே நிற்பதால், வேண்டிய துண்டை மட்டும் நடந்துவிட்டுத் திரும்பலாம். இருக்கும் பாதையைப் பயன்படுத்தியதால் பெரிய கட்டுமானச் செலவில்லை. பென்சில்வேனியாவில் இருபத்தேழு ஆண்டு எடுத்த வேலை இங்கே சில ஆண்டில் முடிந்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் இந்தப் பாதை காட்டு வழியாக மட்டும் போகவில்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் வாசல் வழியாகவும் போகிறது. தோட்ட நிலம் அரசுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளிடம். பாதைக்கு அனுமதி கொடுக்கக் கம்பெனியின் கையெழுத்து போதும். அந்த லயத்தில் நான்கைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பத்தின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை, ஏனென்றால் பெரும்பாலோருக்குத் தாங்கள் குடியிருக்கும் ‘காம்பரா’ எனப்படும் லய அறைக்கும் அதன் முன்னுள்ள காய்கறிப் பாத்திக்கும் பத்திரம் கிடையாது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை ஒட்டி 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து போனபோது முன்வைத்த கோரிக்கைகளில் காணி (நில) உரிமையும் ஒன்று. ஏறக்குறைய அதே காலத்தில்தான் அதே மலைகளில் பயணிகளுக்கான பாதையும் பேசப்பட்டது.

பென்சில்வேனியாவின் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எங்கே இடிக்கும் என்பது இப்போது தெரியும். காபிக் கடைக்குக் கடன் கொடுக்கலாம். ஆனால் பெயர்ப்பலகை மாட்டும் சுவரே தனக்குச் சொந்தமில்லாதவர் எதைக் காட்டிக் கடன் வாங்குவார்? வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்கலாம் என்றால், லயக் காம்பராவைத் தங்குமிடமாகப் பதிவு செய்ய யாருடைய ஒப்புதல் வேண்டும்? நடப்பவரின் பணம் எல்லவிலும் நுவரெலியாவிலும் ஏற்கெனவே விடுதி வைத்திருப்பவர்களிடம் போய்ச் சேருவதில் ஆச்சரியமில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மிஞ்சுவது, யாரோ ஒருவர் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் புகைப்படம்.

சரிசெய்ய முடியாத விஷயமல்ல இது. தோட்டத்துப் பிள்ளைகளை வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கலாம், அதற்குக் காணி வேண்டியதில்லை. அந்த வட்டாரத்து மொழியும் பாதையும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கட்டத்துக்கு ஒரு கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் தோட்டச் சனங்களும் பயன்படுத்தும்படி கட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதைக்கு அனுமதி கேட்டுக் கம்பெனிக்கு எழுதும் அதே கடிதத்தில் இன்னொரு வரி சேர்க்கலாம்: பாதையோரம் பத்தடிக்குப் பத்தடி இடம், அந்த லயத்துக் குடும்பங்களின் பெயரில், குறைந்தது பத்தாண்டுக் குத்தகை. தேநீரும் ரொட்டியும் சம்பலும் விற்க அதற்கு மேல் இடம் தேவைப்படாது. வங்கியில் காட்ட அந்தக் குத்தகைத் தாள் தேவைப்படும்.